துருவைத் தொடாதீர்கள்

ஜப்பானில் வாள் ரசிகர்கள் கூடும் இடங்களில் காந்தேய் என்றொரு பயிற்சி நடக்கும். மேசைமேல் பழைய வாள்கள் வரிசையாக இருக்கும், பெரும்பாலும் ஐந்து. அலகு முழுவதும் தெரியும். கொல்லர் தன் பெயரை வெட்டியிருக்கும் அடித்தண்டு மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வாளையும் விளக்கொளியில் ஏந்திப் பார்த்து, செய்தவர் யார் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர் சீட்டை வாங்கிப் பார்ப்பார். பெயர் சரியென்றால் ‘அதாரி’. பெயர் தவறி, அதே பட்டறை மரபில் வந்த இன்னொருவரை எழுதியிருந்தால் ‘தோசென்’. அதற்கும் மதிப்பு உண்டு, ஏனென்றால் குருவின் கைக்கும் சீடனின் கைக்கும் உள்ள நெருக்கத்தையாவது பார்த்தவர் கண்டுகொண்டிருக்கிறார்.

தேர்ந்தவர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கொல்லரின் பெயரை, கையொப்பத்தைப் பாராமலே எழுதிவிடுகிறார்கள். எஃகு எப்படி உருவானது, எத்தனை சூடு கண்டது, எவ்வளவு விரைவாகக் குளிர்ந்தது என்பதெல்லாம் அதன் மேற்பரப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. இங்கிலாந்தின் ஹென்றி சோர்பி 1860-களில் எஃகை மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோதுதான் மேற்குலகம் அதன் உள்ளமைப்பை முறையாகப் பார்க்கத் தொடங்கியது. அதற்கு வெகு காலம் முன்பே ஜப்பானியர் அந்த உள்ளமைப்பை வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி கல்லால் தேய்த்து வெளிக்கொணரக் கற்றிருந்தார்கள். லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தின் உலோகப் பணிகளை நடத்திய சிரில் ஸ்டான்லி ஸ்மித், 1960-இல் உலோக நுண்ணமைப்பு ஆய்வின் வரலாற்றை எழுதியபோது, ஜப்பானிய வாளுக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். சாமுராய் வாள் என்றதும் வீரக்கதைகளே நம் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அது படிக்கத் தெரிந்தவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும் ஓர் ஆவணம் என்பதுதான்.

ஆவணத்தின் முதல் பக்கம் ஆற்று மணலில் இருக்கிறது. ஜப்பானில் நல்ல இரும்புப் பாறை குறைவு, கிடைத்தது கருமணல். ஷிமானே மாவட்டத்து ஒகுஇசுமோ மலைப்பகுதியின் கருமணலில் டைட்டானியம் குறைவு; எஃகைக் கெடுக்கும் பாஸ்பரசும் கந்தகமும் மிகக் குறைவு. எரிபொருளோ மரக்கரி. நிலக்கரியிலிருந்து வரும் கந்தகம் அதில் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து எஃகாக்கும் உலைக்குத் தாதாரா என்று பெயர். களிமண்ணால் தொட்டிபோல் எழுப்பிய உலையில் மூன்று இரவும் மூன்று பகலும் மணலையும் கரியையும் மாறிமாறிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏறத்தாழ 10 டன் மணலும் 12 டன் கரியும் உள்ளே போகின்றன. மணலில் உள்ள மாசு உலைச் சுவரின் களிமண்ணையே அரித்து, அதோடு சேர்ந்து கசடாக உருகி வெளியேறுகிறது. சுவர் மெலிந்து, இனித் தாங்காது என்ற நிலை வந்ததும் உலையை உடைக்கிறார்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கட்டியின் எடை சுமார் இரண்டரை டன். அதை நொறுக்கினால் வாளுக்கு ஏற்ற தமாஹகானே எஃகு ஒரு டன்கூடத் தேறாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததோடு இந்த உலைகளும் அணைந்துபோயின. ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1977-இல் ஒகுஇசுமோவில் ஓர் உலையை மீண்டும் மூட்டியது. இன்றைய வாள் கொல்லர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் எஃகு பெறுகிறார்கள். ஆண்டு முழுவதும் அது எரிவதில்லை; கடுங்குளிர் மாதங்களில் மட்டும் சில முறை.

உலையிலிருந்து வரும் கட்டி ஒரே சீரானதல்ல. ஒரு துண்டில் கரிமம் 1.5 விழுக்காடு இருக்கும், அடுத்த துண்டில் அதில் பாதி, இடையிடையே கசடு. இதைச் சீராக்கவே கொல்லர் துண்டுகளை அடுக்கி, காய்ச்சி, அடித்து நீட்டி, நடுவில் வெட்டி மடித்து, மீண்டும் அடிக்கிறார். இந்த மடிப்பைப் பற்றித்தான் எத்தனை கட்டுக்கதைகள்! லட்சக்கணக்கான மடிப்புகள் என்று எழுதுபவர்கள் மடிப்பையும் அடுக்கையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாகும். பத்து முறை மடித்தால் 1,024 அடுக்கு. பதினைந்து முறையில் 32,768. வழக்கமான எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அதற்கு மேல் மடிப்பதில் பயனில்லை, கேடுதான். ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கரிமம் எரிந்து போகிறது. கூர்விளிம்பு கடினமாவதற்குத் தேவையான 0.6, 0.7 விழுக்காட்டில் கொல்லர் நிறுத்தியாக வேண்டும். மடிப்பதால் எஃகுக்கு மாய வலிமை வந்துவிடுவதும் இல்லை. இன்றைய ஆலை எஃகு தமாஹகானேயைவிடத் தூய்மையானது, சீரானது. சீரற்ற மூலப்பொருளிலிருந்து நம்பத்தக்க எஃகை வெறுங்கையால் எடுத்த திறமைதான் இங்கே வியக்கத்தக்கது. அந்த உழைப்பு மேற்பரப்பில் மரத்தின் இழைபோன்ற கோடுகளாகத் தங்கிவிடுகிறது. அதை ஹதா என்கிறார்கள். பலகையைக் குறுக்கே அறுத்ததுபோன்ற சுழிகள் உண்டு. நேர்கோட்டு இழைகள் உண்டு. யமாதோ பகுதிக் கொல்லர்கள் நேரிழையை விரும்பினார்கள். பிசென் பகுதியின் பழைய வாள்களில் இழைக்கு மேல், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல, உத்சுரி என்ற ஒரு வெண்படலம் தெரியும். முரோமாச்சிக் காலத்தின் இறுதியில் அந்த வித்தை நழுவிப்போனது. அதை மீட்கப் பிற்காலக் கொல்லர்கள் ஆயுள் முழுவதும் முயன்றிருக்கிறார்கள். நம் காலத்தில் சிலர் நெருங்கியும் இருக்கிறார்கள்.

இனி வாளின் உயிரான தோய்ச்சல். அடித்து முடித்த அலகின்மேல் களிமண், கரித்தூள், கல்தூள் கலந்த குழம்பைப் பூசுகிறார்கள். முதுகுப் பக்கம் தடிமனாக, கூர்விளிம்பில் மெல்லியதாக. பிறகு பட்டறையை இருட்டாக்கிவிட்டு உலையில் காய்ச்சுகிறார்கள். இருட்டு சடங்குக்காக அல்ல. 750 பாகை செல்சியஸைக் கடந்த எஃகின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் சரியாகக் கணிக்க முடியாது. கொல்லரிடம் இருந்த ஒரே வெப்பமானி அவர் கண்தான். நிறம் சரியென்று பட்ட கணத்தில் வாள் தண்ணீருக்குள் இறங்குகிறது.

அந்தச் சில நொடிகளில் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செஞ்சூட்டில் இரும்பணுக்களின் அடுக்கில் கரிம அணுக்கள் தாராளமாகக் கரைந்திருக்கும். மெதுவாக ஆறவிட்டால் கரிமம் விலகிச் சென்று, மென்மையான இரும்பும் கடினமான இரும்புக் கார்பைடும் மெல்லிய தகடுகளாக மாறிமாறிப் படியும். இது பெர்லைட். அதில் நெகிழ்வு உண்டு, எளிதில் முறியாது. திடீரெனக் குளிர்ந்தால் கரிமம் விலக நேரம் கிடைக்காது. இரும்பின் அடுக்குக்குள்ளேயே சிக்கிக்கொண்டு அதைத் திரித்துவிடும். இது மார்டென்சைட், மிகக் கடினமானது, ஆனால் உடையக்கூடியது. மெல்லிய பூச்சுள்ள விளிம்பு நொடியில் குளிர்ந்து மார்டென்சைட் ஆகிறது. தடித்த பூச்சின் கீழே முதுகு மெல்லக் குளிர்ந்து பெர்லைட் ஆகிறது. வெட்டும் இடம் கடினம், அடி தாங்கும் இடம் நெகிழ்வு. ஒரே வாளில், ஒரே முழுக்கில், இரண்டு எஃகு.

மார்டென்சைட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அது உருவாகும்போது பருமன் கூடுகிறது. கூர்விளிம்பு நீள முயல, முதுகு பின்னுக்கு இழுக்க, ஏறக்குறைய நேராக உள்ளே போன வாள் வளைந்து வெளியே வருகிறது. அதுவும் ஒரே போக்கில் அல்ல. முதலில் விளிம்பு குளிர்ந்து சுருங்குவதால் வாள் எதிர்ப்பக்கம் குனிகிறது. மார்டென்சைட் தோன்றத் தொடங்கியதும் நிமிர்ந்து பின்னோக்கி வளைகிறது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் தத்சுவோ இனோவே இந்த அசைவைக் கணினி மாதிரியில் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டினார். விளிம்பு விரிய முயன்று அடக்கப்படுவதால் அதில் அழுத்தம் தேங்கி நிற்கிறது. விரிசல் திறக்க இழுவிசை வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் விளிம்பு அதற்கு எளிதில் இடம்கொடுப்பதில்லை. எல்லாம் சரியாக அமைந்தால்தான் இது. நீர் கொஞ்சம் குளிர்ந்திருந்தாலோ சூடு கொஞ்சம் மிஞ்சியிருந்தாலோ விளிம்பில் ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். பல வார உழைப்பு விரிசலோடு வெளியே வரும்.

இரண்டு எஃகும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன், விளிம்பை ஒட்டி அலகு நெடுக ஓடும் வெண்மையான கோலம். கடைத்தெருவில் விற்கும் அலங்கார வாள்களில் அமிலத்தால் வரைந்த அலையைப் பார்த்துவிட்டு இதுவும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. மெய்யான ஹமோன் மேலே வரைந்ததல்ல, எஃகுக்குள்ளேயே இருப்பது. வாளை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பினால், சில இடங்களில் தனித்தனியாக மின்னும் மணிகள் தெரியும், அவை நியே. சில இடங்களில் மணி பிரித்தறிய முடியாத பால்போன்ற மங்கல், அது நியோய். இரண்டும் மார்டென்சைட்தான், மணிகளின் அளவுதான் வேறு. சூடு கூடினால் மணி பெரிதாகும். சகாமிப் பகுதிக் கொல்லர் மசாமுனே, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரிய மணிகள் பரவிக் கிடக்கும் துணிச்சலான வாள்களைச் செய்தார். பிசென் கொல்லர்கள் கிராம்பு மொட்டுகளை அடுக்கியதுபோன்ற வளைவுகளில், நியோயை மட்டும் நிறுத்தினார்கள். உலையை எவ்வளவு சூடாக்கத் துணிந்தார்கள் என்பதே அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது. இதைத்தான் காந்தேய்க்கு வந்தவர் சீட்டில் எழுதுகிறார், உலோகவியல் சொற்கள் இல்லாமல்.

காலத்தைச் சொல்வது வடிவம். காமகுராக் காலத்துக் குதிரைவீரர்களின் தாசி வாள் கைப்பிடிக்கு அருகே ஆழமாக வளைந்து, முனையில் ஒடுங்கும். பதினான்காம் நூற்றாண்டில் வாள்கள் 90 சென்டிமீட்டரையும் தாண்டி நீண்டன. அவற்றில் பல பின்னர் அடியில் வெட்டிக் குறுக்கப்பட்டன. வெட்டும்போது கையொப்பமும் போயிற்று. பெயரில்லாத மாமேதைகளின் வாள்கள் இத்தனை இருப்பது அதனால்தான். 1660-களின் வாள்கள் பெரும்பாலும் நேரானவை. போர் ஓய்ந்து, பயிற்சிக்கூடச் சண்டை வளர்ந்த காலம் அது.

இத்தனையும் தெரிவது மெருகுக்காரரின் தயவில். இயற்கைக் கற்கள், ஒன்றைவிட ஒன்று மென்மையாக. கடைசியில் விரல்நுனியில் ஒட்டிப் பிடிக்கும் அளவுக்கு மெல்லிய கல் சீவல்கள். நல்ல கல் கியோத்தோவைச் சுற்றிய மலைகளில் கிடைத்தது. மெருகு என்றால் பளபளப்பு என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானிய மெருகுக்காரர் பளபளப்பைத் தேடுவதில்லை; கடினமான எஃகும் மென்மையான எஃகும் ஒளியை வெவ்வேறு விதமாகச் சிதறடிக்கும்படி தேய்க்கிறார். துணிச்சக்கரத்தில் வைத்துக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டால் இழையும் மணிகளும் மறைந்துவிடும்.

ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் எஃகைத் தின்கிறது. பல வாள்களில் வெளித்தோல் கடின எஃகு, உள்ளே மென்மையான எஃகு. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த வாளில் தோல் தேய்ந்து உள்ளெஃகு திட்டுத்திட்டாகத் தலைகாட்டும். அதைக் களைத்த வாள் என்கிறார்கள். ஆகவே ஒரு வாளுக்கு இத்தனை மெருகுதான் என்று கணக்கு உண்டு, அந்தக் கணக்கை அறியாத கையில் போகும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் ஒரு நூற்றாண்டு குறைகிறது என்றே சொல்வேன். தீயில் அகப்பட்ட வாளின் இழப்பு இன்னும் பெரிது. தோய்ச்சலில் உறைந்த அமைப்பு சூட்டில் கரைந்துவிடும். 1615-இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது வெந்துபோன வாள்களை யசுத்சுகு என்ற கொல்லர் மீண்டும் தோய்த்தார். வடிவம் மிஞ்சியது, ஹமோன் அவருடையதாயிற்று. பழைய கொல்லரின் அந்தச் சில நொடிகளை யாராலும் திருப்பித் தர முடியாது.

எஞ்சிய பக்கம் அடித்தண்டு, ஜப்பானியத்தில் நகாகோ. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இந்தப் பகுதியை ஒருபோதும் மெருகேற்றுவதில்லை. எண்ணெய் மட்டும் படும், கை படும், துரு ஏறும். பல நூற்றாண்டு மெல்லப் படிந்த துரு கருஞ்சாக்லேட் நிறத்தில், அடர்ந்து, வழுவழுப்பாக இருக்கும். அண்மைத் துரு செம்மஞ்சளாக, பொரிந்து கிடக்கும். கையொப்பத்தின் உளிவெட்டுக்குள் துரு எப்படிப் படிந்திருக்கிறது, அரத்தின் கோடு எந்தச் சாய்வில் ஓடுகிறது, மூங்கில் ஆணிக்கான துளைகள் எத்தனை என்பதெல்லாம் சாட்சியம். இரண்டு துளை இருந்தால் பெரும்பாலும் வாள் குறுக்கப்பட்டிருக்கிறது. பழைய துருவின்மேல் புதிய உளிவெட்டு இருந்தால் கையொப்பம் போலி. பதினேழாம் நூற்றாண்டு எடோ நகரின் கொதெத்சு, கவசம் செய்துகொண்டிருந்து வாளுக்கு மாறியவர். அவர் பெயரில் போலிகள் அவ்வளவு பெருகியதால் அந்தப் பெயரைக் கண்டாலே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் பாலபாடம். பெயரை நம்பி வாங்காதே, எஃகைப் பார்த்து வாங்கு என்பார்கள். பெயரும் எஃகும் ஒத்துப்போகின்றனவா என்று சொல்ல மூன்றாவது சாட்சி துருதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் வழக்கே இல்லை.

உலோகவியலாளர் தவாரா குனிஇச்சி, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், வாள்களைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவர் தந்த அறிவு பெரிது. ஆனால் அறுத்த வாள் அறுத்ததுதான். இன்று ஃபுளோரன்ஸின் ஸ்டிபர்ட் அருங்காட்சியக வாள்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ஐசிஸ் ஆய்வுக்கூடத்தில் நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, எங்கே மார்டென்சைட், எங்கே கார்பைடு, எங்கே கசடு என்று ஒரு கீறலும் இல்லாமல் படித்திருக்கிறார்கள். நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லாததால் எஃகை ஆழமாக ஊடுருவுகிறது. நேற்று படிக்க முடியாததை இன்று படிக்கிறோம். நாளைய கருவி எதைப் படிக்கும் என்று தெரியாது. அதனால்தான் கெடுக்காமல் வைத்திருப்பது சேகரிப்பாளரின் முதல் கடமை ஆகிறது.

அந்தக் கடமை தவறிய காலமும் உண்டு. 1945-இல் நேசப்படைகள் ஜப்பானியரிடமிருந்து ஆயுதங்களைப் பறிமுதல் செய்தபோது, போர்க்காலத் தொழிற்சாலை வாளும் ஆயிரமாண்டு வாளும் ஒரே குவியலில் விழுந்தன. பல உருக்கப்பட்டன, பல கடலில் எறியப்பட்டன, பல படைவீரர்களின் பைகளில் கடல் கடந்தன. ஹொம்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் அமெரிக்க அதிகாரிகளிடம் வாதாடி, கலைவாள்களைத் தனியே பிரிக்க அனுமதி பெற்றார்கள். கலைவாள் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது அதன் தொடர்ச்சியாக, 1948-இல். ஆனாலும் ஒருகாலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகாவா குடும்பம் தலைமுறைகளாகக் காத்த ஹொன்ஜோ மசாமுனே, 1939-இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட வாள், டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகு என்ன ஆயிற்றென்று இன்றுவரை தெரியவில்லை.

எதிர்மாறாகவும் ஒன்று நடந்தது. அமெரிக்காவின் இந்தியானாவில் மருந்து நிறுவனம் நடத்திய வால்டர் காம்ப்டன், தாம் வாங்கிய வாள் ஒன்று ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குரிய குனிமுனே வாள் என்று அறிந்தார். அதுவும் தேசியச் செல்வம். 1960-களில் அதை ஒரு காசும் வாங்காமல் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். சேகரிப்பாளர் என்ற சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இப்படிப்பட்டவர்களால்தான்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் மலாயாவிலும் ஜப்பானிய அதிகாரிகள் இந்தியப் படைப்பிரிவுகளிடமும் வாளைக் கொடுத்துச் சரணடைந்தார்கள். ஆகவே அப்படியொரு வாள் நம் நாட்டுப் பழைய வீடொன்றின் பரணில் கிடப்பது நடக்காத காரியம் அல்ல. அதில் தொடர் எண் முத்திரையும் ஆயுதச்சாலை அடையாளமும் இருந்தால் பெரும்பாலும் ஆலையில் செய்தது. ஆனால் ராணுவக் கைப்பிடிக்குள் முன்னோரின் வாளைப் பொருத்திக்கொண்டு போருக்குப் போன அதிகாரிகளும் உண்டு. உறையின் தோற்றத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நம் ஆயுதச் சட்டம் வாள்களையும் தழுவுவது. உங்கள் ஊரில் விதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அலகை விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு சில நாளில் துருவாகும். கூர்மையை எதிலும் சோதிக்காதீர்கள். சாணைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். புளி, எலுமிச்சை, உப்புத்தாள் என்று எதையும் அடித்தண்டின் அருகே கொண்டுபோகாதீர்கள். இரு பக்கமும் படம் எடுத்து, அலகில் மட்டும் மெல்லிய எண்ணெய் பூசி, விவரம் அறிந்தவர் பார்க்கும்வரை அப்படியே வைத்திருங்கள்.